கழிதலும் கழித்தலும்

கல்லூரி ஆசிரியர் அறையில் சென்ற மாதம் நடந்த ஒரு பேச்சிலிருந்து தொடங்குகிறேன். என் வீட்டுக் கணினி 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உதிரிப் பாகங்கள் வாங்கிப் பொருத்தப்பட்டது. இன்டெல் ஐ3 மூன்றாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி வன்தட்டு. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய்க் காப்பி கலந்து குடித்துவிட்டுத் திரும்பினாலும் அது எழுந்திருப்பதில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அறையிலிருந்த ஐந்து பேரும் ஐந்து மருத்துவர்களாகிவிட்டார்கள்.

"இன்னுமா சார் அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு லேப்டாப் ஒண்ணு வாங்குங்க" என்றார் பொருளியல் துறை நண்பர். மாதத் தவணை எவ்வளவு வரும் என்பதையும் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார். என் துறையைச் சேர்ந்த மூத்த நண்பர் அதுவரை பேசாதிருந்தார். விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, "நன்னூல் நடத்துற ஆளுக்கு இதை நான் சொல்லணுமா? கடைசி நூற்பாவை ஒரு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. விடை கிடைச்சிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது.

உரியியலின் இறுதியில் நிற்கும் அந்தப் புறனடை தமிழ்நாட்டில் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. போகியன்று டயர் கொளுத்துகிறவர் அதைச் சொல்கிறார். தாத்தா கட்டிய வீட்டை இடிப்பவர் சொல்கிறார். கைப்பேசி விற்பவருக்கும் அது கைகொடுக்கிறது. பவணந்தி முனிவர் பேசியது மொழியைப் பற்றி. காலப்போக்கில் பழைய வழக்குகள் சில மறையும், புதியவை சில தோன்றும், அது வழுவாகாது என்பதே அவர் கூற்று. பழையதை வைத்திருப்பது வழு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றும் அந்த நூற்பாவில் இருக்கிறது. அவர் ஆண்ட சொல் 'கழிதல்'. அது தன்வினை. தானாக நிகழ்வது. கடைக்காரரும் என் நண்பர்களும் பரிந்துரைப்பது 'கழித்தல்'. அது பிறவினை. ஒருவர் முனைந்து செய்வது. ஓர் உயிர்மெய்யெழுத்தின் இடத்தில் மெய்யும் உயிர்மெய்யுமாக இரண்டு வந்துவிட்டால் பொருள் எவ்வளவு தூரம் போய்விடுகிறது என்பதை முதலாண்டு மாணவனுக்கு வகுப்பில் சொல்லித் தருகிறோம். ஆசிரியர் அறையில் மறந்துவிடுகிறோம்.

பழைய கணினியைச் செப்பனிடுவதா, புதியது வாங்குவதா என்னும் கேள்விக்கு விடை தேடுமுன், அது கழிகிறதா, கழிக்கப்படுகிறதா என்று கேட்டாக வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

*

முதலில் கழிப்பவர் யார் என்று பார்ப்போம்.

விண்டோஸ் 10 இயங்குதளம் 2015 ஜூலை 29 அன்று வெளிவந்தது. இதுவே விண்டோஸின் கடைசிப் பதிப்பு, இனி இதையே மேம்படுத்திக்கொண்டிருப்போம் என்று அந்த ஆண்டில் அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரே மாநாட்டு மேடையில் பேசியது செய்தியாயிற்று. ஆறே ஆண்டுகளில், 2021 அக்டோபரில், விண்டோஸ் 11 வந்தது. அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு கட்டாயம். செயலியும் பெரும்பாலும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். ஆக, 2017இன் தொடக்கத்தில் ஒருவர் கடன் வாங்கிப் புத்தம்புதிதாக வாங்கிய ஏழாம் தலைமுறைக் கணினிகூட வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடித்துக்கொள்ளப்பட்டது. வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மேலும் ஓராண்டு தரப்படும் என்று ஒரு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அது சலுகைக் காலமே தவிர தீர்வன்று. இந்த முடிவால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023இன் இறுதியிலேயே மதிப்பிட்டிருந்தது.

அக்டோபர் 14ஆம் நாள் இரவு அந்தக் கணினிகளுக்குள் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. எந்தச் சில்லும் கருகவில்லை. எந்த விசிறியும் நிற்கவில்லை. முந்தைய நாள் கட்டுரை தட்டச்சு செய்த அதே கணினி மறுநாளும் அதே கட்டுரையைத் திறந்து தந்தது. மூப்பு பொருளில் நேரவில்லை. தொலைவில் ஓர் அலுவலகத்தில் ஒரு தேதியாகக் குறிக்கப்பட்டது. வாழையிலை வாடுவது கழிதல். பந்தியில் உட்கார்ந்திருப்பவனின் இலையை உருவுவது கழித்தல்.

பாதுகாப்புச் சில்லு வேண்டாத ஒன்று என்று நான் வாதிடவில்லை. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் காரணங்கள் ஒரு வங்கிக்கோ பெருநிறுவனத்துக்கோ பொருந்தும் அளவுக்கு, கவிதையும் கட்டுரையும் தட்டச்சிட்டு மின்னஞ்சலில் அனுப்பும் தமிழாசிரியனுக்குப் பொருந்துமா என்பதே என் கேள்வி. அளவெடுக்காமல் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, நம் உடம்பில் குறை இருப்பதாக நம்பிக்கொள்கிறோம்.

*

இனி என் கணினியின் நோய்க்கு வருகிறேன்.

நகரத்தில் ஒரு பெரிய கடைக்கு அதை எடுத்துச் சென்றேன். இரண்டு குறைகளைச் சொன்னேன். மிக மெதுவாக இயங்குகிறது. தினமும் காலையில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதன்று' என்ற எச்சரிக்கை வருகிறது. விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞர் பெட்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "போர்டு போயிருச்சு சார். இதுக்கெல்லாம் இப்போ ஸ்பேர் வர்றதில்ல" என்றார். பழையதற்கு 1,500 ரூபாய் கழித்துக்கொண்டு 46,000 ரூபாய்க்கு ஒரு மடிக்கணினி தருவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

வழியில் என் பழைய மாணவர் ஒருவரின் கடை இருக்கிறது. பி.ஏ. தமிழ் படித்தவர். வேலை கிடைக்காமல் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு பத்துக்குப் பத்து அறையில் கடை வைத்திருக்கிறார். அவர் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து விசிறியோடு ஒட்டிக்கிடந்த தூசியை ஒரு கைப்பிடி எடுத்தார். பிறகு தாய்ப்பலகையிலிருந்து வட்டமான ஒரு சிறு மின்கலத்தை நெம்பி எடுத்துக் காட்டினார். கைக்கடிகாரத்தில் போடுவது போன்றது, கொஞ்சம் பெரியது. சி.ஆர். 2032 என்று பெயர். 3 வோல்ட். "ஐயா, கம்ப்யூட்டரை அணைச்சு வச்சாலும் மணி ஓடுறது இதுலதான். இது செத்துப்போச்சு. தேதி தப்பாப் போனா, வெப்சைட்டோட சான்றிதழ் காலாவதி ஆயிருச்சு, இல்லைன்னா இன்னும் நடைமுறைக்கே வரலைன்னு பிரவுசர் நினைச்சுக்கும். அதான் அந்த எச்சரிக்கை. போர்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். போய்விட்டதாகச் சொல்லப்பட்ட பலகையின் நோய்க்கு மருந்து 40 ரூபாய்.

மெதுவாக இயங்குவதற்குக் காரணம் செயலியன்று, வன்தட்டு. அதன் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சிறு கை அதன்மேல் அங்குமிங்கும் நகர்ந்து வேண்டிய இடத்தைத் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ பத்து மில்லிநொடி ஆகும். அப்படியானால் ஒரு நொடியில் நூறு இடங்களை எட்டலாம். இன்றைய இயங்குதளமோ தொடங்கும்போதே பல்லாயிரம் சிறு கோப்புகளைக் கேட்கிறது. அசையும் பாகம் எதுவுமில்லாத திடநிலைத் தட்டு ஒரு நொடியில் பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிடும். எனவே செயலி சும்மா உட்கார்ந்திருக்கிறது, தட்டு வேர்த்துக்கொண்டிருக்கிறது. பழி மட்டும் மொத்தக் கணினியின்மேல் விழுகிறது.

அவர் 256 ஜிபி திடநிலைத் தட்டு ஒன்றைப் பொருத்தினார். 2,200 ரூபாய். பழைய கணினியிலிருந்து கழற்றிய 4 ஜிபி நினைவகத் துண்டு, 450 ரூபாய். மின்கலம் 40. என் வற்புறுத்தலின் பேரில் கூலி 500. ஆக மொத்தம் 3,190 ரூபாய். லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை நிறுவினார். அதற்கு விலையில்லை. தமிழ்99 விசைப்பலகை அதிலேயே கிடைக்கிறது. லிப்ரே ஆஃபீஸில் இந்தக் கட்டுரையைத் தட்டச்சிடுகிறேன். பொத்தானை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் திரை தயாராகிறது. காப்பி குடிக்க இப்போது வேறு சாக்கு தேட வேண்டியிருக்கிறது.

46,000 எங்கே, 3,190 எங்கே என்று கேட்டு இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். சிக்கனம் பற்றிய கட்டுரையாக இருந்தால் அது போதும். ஆனால் என்னை எழுதத் தூண்டியது பணமன்று. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு நான் சொன்ன தவறான விடை.

*

2003இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காகச் சிவகங்கைப் பக்கத்து ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்தேன். என் அப்பத்தாவின் தங்கை அதில் பெரும்பகுதியைப் பாடித் தந்தார். அவரைச் சின்ன அப்பத்தா என்போம். இழவு வீட்டில் பாடுவதைச் சும்மா இருக்கும் வீட்டில் பாடக்கூடாது என்று முதலில் மறுத்தவர், பிறகு ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் உட்கார்ந்து பாடச் சம்மதித்தார். ஒலிநாடாவில் பதிந்து, இரவெல்லாம் ஓட்டி ஓட்டிக் கேட்டு, அந்த ஆண்டு வாங்கிய என் முதல் கணினியில் தட்டச்சிட்டேன். மொத்தம் 163 பாடல்கள். ஆய்வேட்டின் பக்க வரம்பு கருதிப் பின்னிணைப்பில் 60 பாடல்களே சேர்ந்தன. மீதி 103 பாடல்கள் கணினியில் வேறோர் அடைவில் இருந்தன. நூலாகப் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நினைத்துக்கொண்டே பத்தாண்டுகள் போயின.

2013இல் அந்தக் கணினி திணறத் தொடங்கியது. இப்போது என்னிடம் சொல்லப்பட்ட அதே அறிவுரை அப்போதும் சொல்லப்பட்டது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தார். "டேட்டா ஏதாவது வேணுமா சார்?" டேட்டா என்றால் படங்களும் சினிமாப் பாட்டுகளும் என்று அன்று என் மனத்தில் ஒரு பொருள். "ஆய்வேடெல்லாம் சீடியில இருக்கு, தேவையில்லை" என்றேன். பழையதற்கு 1,500 ரூபாய் கழித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு சின்ன அப்பத்தா இறந்தார். சடங்குகள் முடிந்த பிறகு, பாடல்களை நூலாக்கி அவர் பெயரில் வெளியிடுவோம் என்று அந்தச் சீடியைத் தேடி எடுத்தேன். அதில் ஆய்வேடு மட்டுமே இருந்தது. 103 பாடல்கள் இருந்த அடைவை நான் ஒருபோதும் படியெடுத்திருக்கவில்லை. ஒலிநாடாக்களைப் பூஞ்சை தின்றிருந்தது.

இருந்த ஆய்வேட்டையும் திறந்ததும் படித்துவிட முடிந்ததா? இல்லை. திரை முழுவதும் உரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். நான் பயன்படுத்தியது ஒரு தட்டச்சகத்திலிருந்து நெகிழ்தட்டில் வாங்கிவந்த எழுத்துரு. அதன் குறியேற்றம் அந்த எழுத்துருவுக்கு மட்டுமே உரியது. எழுத்துருவும் கணினியோடு போய்விட்டது. அச்சிட்ட படி நூலகத்தில் இருந்ததால் அந்த 60 பாடல்கள் பிழைத்தன. மற்ற 103 பாடல்களும் 1,500 ரூபாய்க்குப் போயின. பாட்டுக்குப் பதினைந்து ரூபாய்கூடத் தேறவில்லை. இதில் கடைக்காரர்மேல் குற்றமில்லை. அவர் கேட்டார். சொல்லத் தெரியாதவன் நான்.

இது என் ஒருவன் கதை என்று தோன்றினால், இதைப் படிக்கும் சிற்றிதழ் நண்பர்கள் தங்கள் பரண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். கணித்தமிழின் இருபது ஆண்டு வரலாறு குறியேற்றங்களின் வரலாறாகவே இருந்தது. புலம்பெயர்ந்தோரும் இலங்கை நண்பர்களும் பாமினியில் எழுதினார்கள். மின்னஞ்சல் குழுக்களில் திஸ்கி வளர்ந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரண்டு தரங்கள் வந்தன. அரசு அலுவலகங்களில் வானவில் பரவியது. அச்சகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைக் கையாண்டன. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகே வீட்டுக் கணினியில் அது கண்ணுக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டு அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாம் எழுதியவை, மொழிபெயர்த்தவை, இதழ்களாகத் தொகுத்தவை எல்லாம் எங்கே?

பெரும்பாலானவை பேஜ்மேக்கர் கோப்புகளாக, ஏதோ ஓர் எழுத்துருவில், எங்கோ ஒரு பழைய கணினியில் கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இன்டிசைன் சி.எஸ். 6 பதிப்பு வரை அந்தக் கோப்புகளைத் திறக்க முடிந்தது. பின்வந்த பதிப்புகள் கைவிட்டன. அந்நாளைய 16 பிட் மென்பொருள்கள் இன்றைய 64 பிட் விண்டோஸில் ஓடுவதேயில்லை. ஆகவே அந்தப் பழைய கணினியில்தான் பேஜ்மேக்கரும் எழுத்துருவும் விசைப்பலகைச் செயலியும் ஒன்றாக உயிரோடிருக்கின்றன. அந்த இதழைத் திறக்கும் சாவி அந்தப் பெட்டிதான். கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை எடைக்குப் போடுவது, பூட்டை வைத்துக்கொண்டு சாவியைக் கிணற்றில் எறிவது போன்றது.

*

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன உ.வே. சாமிநாதையருக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்வதாகவும், அப்படியே செய்துவிட்டதாகவும் அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. எரித்தவர்கள் தீயவர்கள் அல்லர். பக்தியோடு, விதிப்படி, நெய் செலவழித்து எரித்தார்கள். ஏட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. அந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது நம் குரல் தழுதழுக்கிறது. ஆனால் நாமும் அதைத்தான் செய்கிறோம். பழையது ஆகாது என்று ஒரு விதி எங்கிருந்தோ வருகிறது. யார் விதித்தது, எதற்காக விதித்தது என்று கேளாமல், தவணை கட்டி, அதாவது நெய் செலவழித்து, ஆகுதி செய்கிறோம். அவர்களுக்காவது ஆகமம் என்று ஒரு நூல் இருந்தது. நமக்கு விளம்பரத்தாள் போதுமானதாயிருக்கிறது.

ஓலை நிலையாதது. பூச்சி அரிக்கும், முறியும், உதிரும். நம் முன்னோர் அதை அறிந்திருந்ததால் ஏட்டைப் பெயர்த்தெழுதினார்கள். சிந்தாமணியும் புறநானூறும் நம் கைக்கு வந்தது ஓலை வலுவாக இருந்ததால் அன்று. யார் யாரோ முகம் தெரியாதவர்கள் தலைமுறைதோறும் உட்கார்ந்து படியெடுத்ததால். அங்கே விதி எளிமையானது. படி முடியும் வரை பழைய ஏட்டுக்கு ஓய்வில்லை. எழுதுகிறவன் வீட்டுக் கணினிக்கும் இதுவே விதியாக இருக்க வேண்டும் என்கிறேன். உள்ளிருக்கும் எழுத்து யூனிகோடுக்குப் பெயர்க்கப்பட்டு, மூன்று படிகளாகி, அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில் பத்திரப்பட்ட பிறகே, அந்தப் பெட்டியைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை நமக்கு வருகிறது.

*

மறுப்புகளை அறிவேன். நண்பர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லியும் விட்டார்கள்.

முதல் மறுப்பு: ஆதரவு நின்றுபோன இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவது ஆபத்து. முழுக்க உண்மை. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகையை வைப்பதற்குச் சமம். ஆனால் தாழ்ப்பாள் பழுதென்றால் தாழ்ப்பாளை மாற்றுவோம், வீட்டை இடிப்பதில்லை. திருத்தங்கள் தொடர்ந்து வரும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றுக்கு மாறலாம். மாறவே முடியாதவர்கள் பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு எழுத மட்டும் வைத்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் எழுத்தாளனுக்கு இணையமில்லாத கணினியைப் போல ஒரு வரம் இல்லை.

இரண்டாவது: லினக்ஸ் நமக்குப் பழக்கமில்லை. இதுவும் ஓரளவு உண்மை. முதல் வாரம் எனக்கும் எரிச்சல்தான். பழைய எழுத்துருச் செயலிகள் அதில் நேரடியாக ஓடா. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். ஆனால் விண்டோஸ் 7க்குப் பழகிய கை விண்டோஸ் 11ஐப் பார்த்துத் திகைப்பது மட்டும் பழக்கமா? எப்படியும் ஒன்றைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. விலையில்லாததைப் பழகிக்கொள்ளலாமே.

மூன்றாவது: பழைய கணினி மின்சாரத்தைத் தின்னும். பொருளியல் நண்பரின் வாதம் இது. கணக்குப் போட்டேன். என் பெட்டி ஒரு புதிய சிறு கணினியைவிட 50 வாட் கூடுதலாக இழுக்கிறது என்றே கொள்வோம். நாளுக்கு நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஆண்டுக்கு 73 யூனிட். இதைக் காட்டிப் புதியது வாங்கச் சொல்பவர், அந்தப் புதியதைச் செய்வதற்கு ஆகும் செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழல்திரையோடு கூடிய ஒரு மேசைக்கணினியை உருவாக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருள்களும் 1,500 கிலோ நீரும் ஆகின்றன என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2004இல் சொன்னது. இன்று குழல்திரை இல்லை, அளவுகள் மாறியிருக்கும். ஆனால் வீட்டில் சில மணி நேரம் மட்டும் ஓடும் கணினியைப் பொறுத்தவரை, செலவின் பெரும்பகுதி அது நம் வீட்டுக்கு வருமுன்பே நடந்து முடிந்துவிடுகிறது என்ற உண்மை மாறவில்லை.

கழித்த பிறகு அது போகும் இடத்தையும் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐ.நா. அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. மீதியின் ஒரு பங்கு நம் நாட்டில் டெல்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் வெறுங்கைகளால் உடைக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, அமிலத்தில் கழுவப்படுகிறது. நம் நாட்டில் மின்கழிவு விதிகள் 2012 முதல் நடப்பிலுள்ளன. 2023 ஏப்ரலிலிருந்து புதிய விதிகளும் வந்திருக்கின்றன. இருந்தும், கடையில் கழித்துக்கொள்ளும் 1,500 ரூபாய்க்குப் பிறகு அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

நான்காவது மறுப்பு என்னுடையதே. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. தாய்ப்பலகையின் மின்தேக்கிகள் உப்பி வெடித்திருந்தால், 2 ஜிபிக்குமேல் நினைவகம் ஏற்காது என்றால், 32 பிட் செயலி என்றால், செப்பனிடச் செலவழிப்பது வீண். காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலை இருப்பவர்களுக்கும் புதியது வேண்டும். 2025இன் இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளைச் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போனதில் அவற்றின் விலையும் ஏறிற்று. எனவே செப்பனிடுவது எப்போதும் மலிவு என்றும் சொல்லமாட்டேன். மூடியைத் திறந்து பார்த்து, எது பழுது என்று தெரிந்து, உள்ளிருப்பதைப் பெயர்த்து வைத்துக்கொண்டு, பிறகு வாங்குகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. அவர் கணினி கழிந்தது. மூடியையே திறக்காமல் தீர்ப்பெழுதுகிறவரோடுதான் சண்டை.

*

கடைசியாக ஒன்று. எங்கள் துறையில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் சென்ற பருவத்தில் தம் திட்டக் கட்டுரை முழுவதையும் கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டச்சிட்டார். 84 பக்கம். அடிக்குறிப்பு ஒவ்வொன்றும் பக்கம் மாறி மாறி விழுந்தது. நான் அதற்காக அவரைக் கடிந்துகொண்டேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இடையில் நின்றிருந்த ஆண்டுகளில் பள்ளி முடித்தவர் அவர். அவர் வீட்டில் கணினி இருந்ததேயில்லை. அதே வாரம் பொருளியல் நண்பர் புதிய மடிக்கணினி வாங்கினார். அவருடைய 2014ஆம் ஆண்டுக் கணினி பரணுக்குப் போயிருந்தது. கேட்டேன். "அது ஓடாது சார், வேணும்னா எடுத்துக்குங்க" என்றார்.

எடுத்துக்கொள்ளுமுன், "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். ஒரே ஓர் இரவு வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று வற்புறுத்தினேன். மறுநாள் பெட்டியோடு வந்தவர் சட்டைப்பையில் ஒரு விரலியையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதில் என்ன எடுத்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியைப் பழைய மாணவரிடம் கொடுத்தோம். மூன்றாம் நாள் அது ஓடியது. அந்த மாணவி இப்போது பத்து விரல்களால் தட்டச்சிடுகிறார்.

தமிழ் இணையத்தில் வாழுமா, செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் நிலைக்குமா என்று கருத்தரங்கம் நடத்துகிறோம். அந்தக் கவலை மெய்யானது என்றால், அதற்கான வேலை நம் பரணிலேயே இருக்கிறது. சிற்றிதழ் நடத்தியவர்களும் ஆய்வேடு எழுதியவர்களும் இந்த வாரம் ஒரு பொழுதை ஒதுக்கி அந்தப் பெட்டியைக் கீழே இறக்க வேண்டும். திறந்து பாருங்கள். எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்புகளோடு எழுத்துருவையும் படியெடுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்கள். எந்த எழுத்துருவில் எது தட்டச்சிடப்பட்டது என்று நினைவுள்ள தலைமுறை நாம்தான். நமக்குப் பின் வருபவர்களுக்கு அவை அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் மட்டுமே.

என் மூத்த நண்பருக்கு மறுமொழி இதுதான். நூற்பாவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்னபடியே விடை கிடைத்தது. பவணந்தியார் தன்வினையில் சொல்லியிருக்கிறார்.